5 வோல்ட்டிலிருந்து மைனஸ் 5 வோல்ட்: 7660 வகை ஐசியைத் தேர்ந்தெடுத்து, வாங்கி, ஓடவைக்க ஒரு வழிகாட்டி

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் குட்டைக்கு பிஎச் மீட்டர் செய்யத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குவார்கள். பிஎச் எலெக்ட்ரோடு 7-க்குக் கீழே பிளஸ் மில்லிவோல்ட்டும், 7-க்கு மேலே மைனஸ் மில்லிவோல்ட்டும் கொடுக்கும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பிஎச்சுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மாறும். குட்டைத் தண்ணீர் 8.5-ல் இருந்தால் எலெக்ட்ரோடில் வருவது மைனஸ் 89 மில்லிவோல்ட். வெறும் 5 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப் (சிறு சிக்னலைப் பெருக்கும் ஐசி) வெளியீடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது, ரீடிங் 7-லேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கச்சேரி மைக்குக்கு ப்ரீஆம்ப் போடுகிறவர்களுக்கும், பழைய எல்சிடியின் கான்ட்ராஸ்ட் காலுக்கு மைனஸ் வோல்டேஜ் தேடுகிறவர்களுக்கும் வேண்டியது இதேதான்: கையில் இருக்கும் ஒற்றை பிளஸ் சப்ளையிலிருந்து ஒரு மைனஸ் சப்ளை.

இதைச் செய்ய டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம், காயிலும் வேண்டாம். 7660 என்ற எட்டுக் கால் ஐசி ஒன்றும் இரண்டு கெபாசிட்டரும் போதும். ஐசி முதல் கெபாசிட்டரை உள்ளீட்டில் வைத்து நிரப்பும். பிறகு அதைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி இரண்டாவது கெபாசிட்டரில் கொட்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கும். இதிலிருந்து வருவது ரெகுலேட் செய்யப்பட்ட சப்ளை இல்லை. கரண்ட் இழுக்க இழுக்க வோல்டேஜ் குறையும். இதை மனதில் வைத்து முதலிலேயே கணக்குப் போட்டவர்களுக்கு வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும்.

1. கடைக்குப் போகும் முன் கரண்டைக் கணக்கிடுங்கள்

ஆப்-ஆம்ப் சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட் பிளஸ் ரயிலில் (ரயில் என்றால் சப்ளை வயர்) இறங்கி மைனஸ் ரயில் வழியாக வெளியேறுகிறது. அந்த முழுக் கரண்டையும் நம் ஐசிதான் தாங்க வேண்டும். பாதி பிளஸுக்கு, பாதி மைனஸுக்கு என்று பிரித்துவிடாதீர்கள்.

இரண்டு ஆம்ப்ளிஃபையர் கொண்ட டிஎல்072 ஆப்-ஆம்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து வழக்கமாக 2.8 மில்லி ஆம்பியர், அதிகபட்சம் 5 மில்லி ஆம்பியர் இழுக்கும். வெளியீட்டில் 2 கிலோ ஓம் லோடு இருந்து, அதில் மைனஸ் 3 வோல்ட் வரவேண்டும் என்றால் இன்னும் 1.5 மில்லி ஆம்பியர். மொத்தம் 6.5.

சாதாரண 7660-இன் வெளியீட்டு ரெசிஸ்டன்ஸ் வழக்கமாக 55 ஓம், மோசமான பீஸில் 100 ஓம் வரை போகலாம். 55 ஓமில் 6.5 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.36 வோல்ட் இழப்பு. மைனஸ் ரயில் 4.64-ல் நிற்கும். 100 ஓமில் 0.65 வோல்ட் இழப்பு, ரயில் 4.35. டிஎல்072-இன் வெளியீடு ரயிலைத் தொடாது, ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் முன்னாலேயே நின்றுவிடும். ஆக, நல்ல பீஸ் கிடைத்தால் மைனஸ் 3.1 வரை போகும், மோசமான பீஸில் மைனஸ் 2.85-லேயே தட்டிவிடும். மேசையில் ஓடிய சர்க்யூட் இரண்டாவது போர்டில் ஓடாமல் போவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். 100 ஓம் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

மைனஸ் பக்கம் எவ்வளவு கரண்ட் எடுக்கிறீர்களோ, ஐசி தன் உள்ளீட்டிலிருந்து அதே அளவை இழுக்கும். ஆப்-ஆம்ப் பிளஸ் பக்கம் தனியாக இழுப்பதையும் சேர்த்தால் 5 வோல்ட் சப்ளையின் மேல் விழும் சுமை இரண்டு மடங்கு. பேட்டரியில் ஓடும் கருவிக்கு இதைக் கட்டாயம் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கணக்கு 10 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் 7660 நிம்மதியாக ஓடும். ரிலே, மோட்டார், ஸ்பீக்கர் எதையும் இதில் மாட்டாதீர்கள்.

மைனஸ் சப்ளை உண்மையிலேயே வேண்டுமா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். சிக்னலின் கிரவுண்டை 2.5 வோல்ட்டில் தூக்கி உட்காரவைத்தால் பல சர்க்யூட்டுகளுக்கு இந்த ஐசியே தேவைப்படாது. பிஎச் மீட்டர் தனியாக, பேட்டரியில் ஓடினால் அந்த வழி போதும். ஆனால் அதே குட்டைத் தண்ணீரில் இன்னொரு சென்சாரும் இறங்கியிருந்து, இரண்டுக்கும் சப்ளை ஒன்றாக இருந்தால், தூக்கிவைத்த கிரவுண்டும் நிஜக் கிரவுண்டும் தண்ணீர் வழியாக ஷார்ட் ஆகும். அங்கே மைனஸ் சப்ளைதான் நேர்வழி.

2. எந்த ஐசி?

ஐசிஎல்7660: 1.5 முதல் 10 வோல்ட் வரை. 5 வோல்ட் வேலைக்கு இது போதும். எல்எம்சி7660, டிசி7660 இரண்டும் இதே கால் அமைப்புதான்.

ஐசிஎல்7660எஸ், டிசி7660எஸ்: 12 வோல்ட் வரை. 1-ஆம் கால் பூஸ்ட். அதை உள்ளீட்டு வோல்டேஜோடு இணைத்தால் கெபாசிட்டரைத் திருப்பும் வேகம் பல மடங்கு ஏறும். மேக்ஸ்1044-க்கும் பூஸ்ட் உண்டு, ஆனால் அது 10 வோல்ட் வரைதான். ஆடியோ வேலைக்கு பூஸ்ட் உள்ளதையே வாங்குங்கள், காரணம் 8-ஆம் படியில்.

மேக்ஸ்660: 5.5 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. ஆனால் வெளியீட்டு ரெசிஸ்டன்ஸ் 6.5 ஓம்தான், 100 மில்லி ஆம்பியர் தரும்.

எல்டி1054: 3.5 முதல் 15 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், ரெகுலேட்டும் செய்யும். பெரியது எப்போதும் நல்லது என்று இதை எடுத்துவிடாதீர்கள். தானே 2.5 மில்லி ஆம்பியர் அளவுக்குத் தின்னும். லோடு சிறிதாக இருந்தாலும் வெளியீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வோல்ட் இழக்கும். 5 வோல்ட்டில் 3 மில்லி ஆம்பியர் எடுக்க 7660-தான் மேல்.

டிபிஎஸ்60403: ஐந்து கால் எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பில் சால்டர் செய்யும் சிறிய வகை), 1.6 முதல் 5.5 வோல்ட், 60 மில்லி ஆம்பியர், வேகம் 250 கிலோ ஹெர்ட்ஸ். 1 மைக்ரோஃபேரட் செராமிக் போதும். பிசிபி அடிக்கப் போகிறவர்களுக்கு நல்லது. பிரெட்போர்டில் கற்றுக்கொள்கிறவர்கள் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

3. டேட்டாஷீட்டை இறக்குங்கள், உங்கள் பீஸின் கம்பெனி பார்த்து

7660 என்ற எண்ணைப் பல கம்பெனிகள் போடுகின்றன. இன்டர்சில் செய்தது இப்போது ரெனிசாஸ் பெயரில் இருக்கிறது, மேக்ஸிம் இப்போது அனலாக் டிவைசஸ், எல்எம்சி7660 டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், டிசி7660 மைக்ரோசிப். எண்ணுக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்து 10 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் பிரிக்கிறது. வேறு கம்பெனி டேட்டாஷீட்டை வைத்து வயரிங் செய்தால் 1-ஆம் காலில் ஏமாந்துபோவீர்கள்.

முழுவதும் படிக்க வேண்டியதில்லை. அதிகபட்ச வோல்டேஜ், வெளியீட்டு ரெசிஸ்டன்ஸ், ஆசிலேட்டர் (ஐசிக்குள் துடிப்பு உண்டாக்கும் பகுதி) வேகம், 6-ஆம் காலைப் பற்றிய குறிப்பு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய டேட்டாஷீட் சிலவற்றில் 6.5 வோல்ட்டுக்கு மேல் ஓட்டினால் வெளியீட்டில் தொடராக ஒரு டயோடு போடச் சொல்லியிருக்கும். உங்கள் பீஸுக்கு அது வேண்டுமா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

4. வாங்குவது: செலவு, நாள், பில்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூரில் ரேடியோ-டிவி உதிரிபாகக் கடைகளில் 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்), கெபாசிட்டர், டிஎல்072 எல்லாம் கிடைக்கும். 7660 எல்லாக் கடையிலும் இருக்காது. போன் செய்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். இல்லையென்றால் திருச்சி, அங்கும் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருக் கடைகளிலிருந்து கூரியர். வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போட்டால் வாரக்கணக்கில் ஆகலாம். பிராஜெக்ட் ரிவ்யூ நெருங்கும்போது அந்தப் பக்கம் போகவேண்டாம்.

7660 என்று அச்சடித்த பீஸ் உள்ளூரில் பொதுவாக நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கினால் அதைவிடக் கூடும், கூரியர் தனி. ஒரு பீஸுக்குக் கூரியர் கட்டணம் ஐசியின் விலையையே தாண்டிவிடும். அதனால் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். தலைக்கு ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், மூன்று வாங்குங்கள். கற்றுக்கொள்ளும்போது ஒன்று போகும், ஒன்று போர்டில் இருக்கும், ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க.

கல்லூரியில் பணம் திரும்பப் பெறவேண்டும் என்றால் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐசிக்கு 18 சதவீதம் வரி. விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில்லில் பொருளின் முழு எண்ணையும், பின்னால் வரும் எழுத்துகளோடு, எழுதச் சொல்லுங்கள். வெறும் “ஐசி” என்று எழுதிய பில்லை வைத்துப் பீஸை மாற்றித் தரக் கேட்க முடியாது.

5. மேசையில் இருக்கவேண்டியவை

ஐசிஎல்7660 அல்லது 7660எஸ், பிரெட்போர்டில் செருகும் டிஐபி வடிவத்தில்: 1
எட்டுக் கால் ஐசி சாக்கெட்: 1
10 மைக்ரோஃபேரட், 25 வோல்ட், 105 டிகிரி எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்: 2
100 மைக்ரோஃபேரட், 25 வோல்ட்: 2
100 நானோஃபேரட் செராமிக்: 2
1என்5817 ஷாட்கி டயோடு: 1
1 கிலோ ஓம், 10 ஓம் ரெசிஸ்டர்: தலா 2
ரெகுலேட் செய்த 5 வோல்ட், மல்டிமீட்டர், பிரெட்போர்டு

கெபாசிட்டரில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். முதல் கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் வெளியீட்டில் நான்கு மடங்காகத் தெரியும். மலிவான 10 மைக்ரோஃபேரடில் 3 ஓம் இருந்தால் வெளியீட்டில் 12 ஓம் கூடிவிட்டது என்று பொருள். பழைய போர்டிலிருந்து கழற்றிய கெபாசிட்டரில் இது இன்னும் மோசம்.

கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்பதும் தவறு. ஆசிலேட்டர் 10 கிலோ ஹெர்ட்ஸில் ஓடினால் கெபாசிட்டர் திரும்புவது 5 கிலோ ஹெர்ட்ஸில். 10 மைக்ரோஃபேரடுக்கு அதனால் வரும் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்; 47 மைக்ரோஃபேரட் போட்டால் ஏறக்குறைய 4 ஓம். மிச்சம் 16 ஓம்தான். ஐசிக்குள் இருக்கும் ஸ்விட்சுகளின் ரெசிஸ்டன்ஸ் நீங்கள் என்ன போட்டாலும் குறையாது. 47-க்கு மேல் போவது வீண். இன்னும் கரண்ட் வேண்டுமென்றால் இரண்டு 7660-ஐ இணையாகப் போடுங்கள்: ஒவ்வொன்றுக்கும் தனி முதல் கெபாசிட்டர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வெளியீட்டுக் கெபாசிட்டர். ரெசிஸ்டன்ஸ் பாதியாகும்.

செராமிக் போடுகிறவர்கள் எக்ஸ்7ஆர் கேட்டு வாங்குங்கள். ஒய்5வி வகை வோல்டேஜ் ஏறும்போதும் வெயில் ஏறும்போதும் தன் மதிப்பில் பெரும்பங்கை இழந்துவிடும்.

6. வயரிங், காலுக்குக் கால்

ஐசியின் வெட்டுக்குறி இடப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 4. மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 5 முதல் 8.

8-ஆம் கால்: பிளஸ் 5 வோல்ட்.
3-ஆம் கால்: கிரவுண்ட். 8-க்கும் 3-க்கும் நடுவே 100 நானோஃபேரட், எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக.
2-ஆம் கால்: முதல் கெபாசிட்டரின் பிளஸ்.
4-ஆம் கால்: முதல் கெபாசிட்டரின் மைனஸ்.
5-ஆம் கால்: வெளியீடு. இரண்டாவது கெபாசிட்டரின் மைனஸ் இங்கே வரும், பிளஸ் கிரவுண்டுக்குப் போகும்.
6-ஆம் கால்: உள்ளீடு 3.5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் கிரவுண்டுக்கு. அதற்கு மேல் என்றால் எதிலும் இணைக்காமல் விடவேண்டும். 5 வோல்ட்டில் நமக்கு இது சும்மா இருக்கவேண்டிய கால்.
7-ஆம் கால்: சும்மா விடுங்கள்.
1-ஆம் கால்: சாதாரண 7660-இல் இணைப்பு இல்லை, எஸ் வகையிலும் மேக்ஸ்1044-இலும் பூஸ்ட்.

இரண்டாவது கெபாசிட்டரை நன்றாகக் கவனியுங்கள். கெபாசிட்டரின் மைனஸ் கால் கிரவுண்டுக்குப் போவதையே பார்த்துப் பழகிய கை, இங்கேயும் அப்படியே செருகிவிடும். இங்கே கிரவுண்ட்தான் உயர்ந்த பக்கம். உறையில் வெள்ளைக் கோடு போட்ட கால் 5-ஆம் காலுக்குப் போகவேண்டும். தலைகீழாகப் போட்டால் உடனே வெடிக்காது. வோல்டேஜ் குறைவாகக் காட்டும், கெபாசிட்டர் மெல்லச் சூடேறும், நாள்பட வீங்கும். உடனே வெடிக்காததால்தான் பலர் கோளாறை ஐசியில் தேடுகிறார்கள்.

ஷாட்கி டயோடு: கோடு போட்ட முனை கிரவுண்டுக்கு, மற்ற முனை 5-ஆம் காலுக்கு. சுவிட்சைப் போட்ட முதல் சில மில்லி நொடிகளில் மைனஸ் ரயில் இன்னும் உருவாகியிருக்காது. அதற்குள் ஆப்-ஆம்ப் தன் கரண்டால் அந்த ரயிலைப் பிளஸ் பக்கம் தூக்கிவிட்டால் ஐசி கிளம்பாமல் போகலாம். டயோடு அதைத் தடுக்கும்.

7. முதல் முறை கரண்ட் கொடுப்பது

ஆப்-ஆம்பை இன்னும் செருகவேண்டாம். ஐசி மட்டும். மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து 5 வோல்ட் வயரில் தொடராகப் போடுங்கள். லோடு இல்லாத 7660 இழுப்பது அரை மில்லி ஆம்பியருக்குள் இருக்கவேண்டும். நல்ல பீஸ் 0.2-க்கும் கீழேயே காட்டும். பல மில்லி ஆம்பியர் காட்டினால் உடனே நிறுத்துங்கள். வயரிங் தவறு, அல்லது பீஸே வேறு எதையோ அழித்து 7660 என்று அச்சடித்தது.

சரியாக இருந்தால் மீட்டரை 20 வோல்ட் டிசிக்கு மாற்றுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில். சிவப்பு முனையை 5-ஆம் காலில் வைத்தால் மைனஸ் 4.9-க்கு மேல், ஏறக்குறைய 5 காட்டவேண்டும்.

பிறகு 2-ஆம் காலையும் 4-ஆம் காலையும் பாருங்கள். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. 2-ஆம் கால் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே சரிபாதி நேரம் மாறி மாறி நிற்பதால் மீட்டர் சராசரியாகப் பிளஸ் 2.5 காட்டும். 4-ஆம் கால் அதேபோல மைனஸ் 2.5 காட்டும். 2-ஆம் கால் அசையாமல் பூஜ்யத்திலோ 5-லோ நின்றால் ஆசிலேட்டர் ஓடவில்லை. 2-ஆம் கால் சரி, 4-ஆம் கால் மட்டும் தவறு என்றால் முதல் கெபாசிட்டர் சரியாகச் செருகவில்லை.

அடுத்து 5-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் வையுங்கள். 55 ஓம் உள்ள பீஸில் மைனஸ் 4.74 வரும். கணக்கு எளிது: 0.26 வோல்ட் குறைந்தது, ஓடுவது 4.74 மில்லி ஆம்பியர், வகுத்தால் 55. உங்கள் பீஸுக்கு வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கு மேல் வந்தால் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள், பிரெட்போர்டில் வேறு வரிசையில் செருகிப் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் ஐசியை மாற்றுங்கள்.

7-ஆம் காலில் மட்டும் மீட்டரையோ ஸ்கோப் முனையையோ வைக்காதீர்கள். அந்தக் காலில் 100 பிக்கோஃபேரட் கூடினாலே ஆசிலேட்டர் 10 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், வெளியீடும் படுத்துவிடும். நீளமான ஸ்கோப் வயருக்கே அந்த அளவு கெபாசிட்டன்ஸ் உண்டு. சால்டர் செய்த பிறகு ஃப்ளக்ஸ் அழுக்கு அங்கே ஒட்டியிருந்தாலும் துடைத்துவிடுங்கள்.

இத்தனையும் சரியான பிறகே ஆப்-ஆம்ப். செருகும் முன் அதன் மொத்த வோல்டேஜ் வரம்பைப் பாருங்கள். பிளஸ் 5, மைனஸ் 5 என்றால் ஐசியின் இரண்டு முனைக்கும் நடுவே 10 வோல்ட். எம்சிபி6002 தாங்குவது 6 வோல்ட், எல்எம்வி358 5.5 வோல்ட், இரண்டும் அங்கேயே போய்விடும். டிஎல்072, டிஎல்சி272, எல்எம்சி6482 தாங்கும். பிஎச் எலெக்ட்ரோடுக்கு டிஎல்072 வேண்டாம். உள்ளே இழுக்கும் சிறு கரண்டே ரீடிங்கைத் தள்ளிவிடும். எல்எம்சி6482 நல்ல தேர்வு. அதன் வெளியீடு ரயிலை ஒட்டிப் போவதால் முதல் படியில் பார்த்த ஒன்றரை வோல்ட் இழப்பும் இராது.

இன்னொன்று: ஆப்-ஆம்ப் வெளியீடு இப்போது மைனஸுக்குப் போகும். அதை ஆர்டுயினோ, இஎஸ்பி32 போர்டின் அனலாக் காலில் நேராகக் கொடுத்தால் அந்தக் கால் கெட்டுப்போகும். முதலில் சிக்னலைப் பிளஸ் பக்கம் தூக்கிவிடுங்கள். பாதுகாப்புக்கு 10 கிலோ ஓம் தொடராகவும், கிரவுண்டுக்கு ஒரு சிறிய ஷாட்கி டயோடும் போடுங்கள்.

8. இரைச்சல்

வெளியீட்டில் 5 கிலோ ஹெர்ட்ஸ் சலனம், அதாவது வோல்டேஜின் சிறு ஏற்ற இறக்கம், இருக்கும். 6.5 மில்லி ஆம்பியருக்கு 10 மைக்ரோஃபேரட் மட்டும் போட்டால் 65 மில்லிவோல்ட், கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸால் வருவது தனி. இரண்டாவது கெபாசிட்டரை 100 மைக்ரோஃபேரட் ஆக்கினால் 6.5-க்கு இறங்கும். அதன் பிறகு தொடராக 10 ஓம், அதற்கு அப்பால் கிரவுண்டுக்கு இன்னொரு 100 மைக்ரோஃபேரட். இந்த வடிகட்டி 160 ஹெர்ட்ஸ் அளவிலேயே அமுக்கத் தொடங்கும். 5 கிலோ ஹெர்ட்ஸ் சலனம் இருபது, முப்பது மடங்கு குறையும். விலை: 10 ஓமில் 65 மில்லிவோல்ட் இழப்பு. கொடுக்கலாம்.

மைக், வீணை பிக்கப் போன்ற ஆடியோ வேலையில் 5 கிலோ ஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும் விசில். பூஸ்ட் உள்ள ஐசியை வாங்கி 1-ஆம் காலை 8-ஆம் காலோடு இணைத்துப் பாருங்கள். அப்படியும் கேட்டால் கெபாசிட்டர் திரும்பும் வேகம் இன்னும் 20 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. டேட்டாஷீட்டில் பூஸ்ட் வேகத்தைப் பார்த்து அதைப் பாதியாக்கிக் கணக்கிடுங்கள்.

கிரவுண்ட் வயரையும் பாருங்கள். ஐசியின் 3-ஆம் கால் வழியாகத் துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் ஓடும். சென்சாரின் கிரவுண்ட் அதே மெல்லிய வயரில் சேர்ந்து வந்தால் அந்தத் துடிப்பு முழுவதும் ரீடிங்கில் ஏறும். இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுவந்து சப்ளையின் முனையில் மட்டும் சேருங்கள். உள்ளீட்டில் இருக்கும் அழுக்கும் வெளியீட்டுக்கு அப்படியே வரும். மலிவான மொபைல் சார்ஜரை வைத்துப் பிஎச் அளக்க முயல வேண்டாம்.

9. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பவர்களுக்கு

டெல்டாவில் அதிகமான 7660 சாவது இங்கேதான். ‘12 வோல்ட் பேட்டரி’ சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். 7660-இன் உயிர் எல்லை 10.5 வோல்ட், எஸ் வகைக்கு 13. சோலார் என்றால் ஆபத்து கூடுதல்: பேட்டரி வயர் கழன்றால் சில கன்ட்ரோலர்கள் பேனலின் 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட வோல்டேஜை அப்படியே உள்ளே விட்டுவிடும். ரெகுலேட் செய்யாத பழைய 9 வோல்ட் அடாப்டரும் லோடு இல்லாதபோது 12-ஐத் தாண்டும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள்.

எளிய வழி: முன்னால் ஒரு 7805. அது 35 வோல்ட் வரை தாங்கும். உள்ளீட்டில் 330 நானோஃபேரட், வெளியீட்டில் 100 நானோஃபேரட். 20 மில்லி ஆம்பியருக்கு ஹீட்சிங்க் தேவையில்லை. அதன் பிறகு மேலே சொன்ன சர்க்யூட் அப்படியே.

நிலையான மைனஸ் 5 கட்டாயம் வேண்டும் என்றால் எல்டி1054. 6-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் நடுவே 20 கிலோ ஓம். 1-ஆம் காலுக்கும் 5-ஆம் காலுக்கும் நடுவே 102 கிலோ ஓம், அதன் மேல் 2 நானோஃபேரட் அளவில் ஒரு கெபாசிட்டர். முதல் கெபாசிட்டர் 10, வெளியீட்டில் 100 மைக்ரோஃபேரட். இந்த ஒன்றுக்குப் பத்து விகிதத்தை மாற்றாதீர்கள். வேறு வோல்டேஜுக்கு: வேண்டிய வோல்டேஜை 1.21-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 20 கிலோ ஓமால் பெருக்குங்கள். 15 வோல்ட்டுக்கு மேல் இதற்கும் ஆகாது, எனவே சோலார் கன்ட்ரோலரோடு நேராக இணைக்கவேண்டாம்.

7660 இருந்த சாக்கெட்டில் எல்டி1054-ஐச் செருகும் முன் நில்லுங்கள். அங்கே 6-ஆம் கால் ரெஃபரன்ஸ், 1-ஆம் கால் ஃபீட்பேக். 7660-க்காக 6-ஐக் கிரவுண்டிலோ 1-ஐ உள்ளீட்டிலோ இணைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். இதில் ஷாட்கிக்குப் பதிலாக டேட்டாஷீட் காட்டும் 2என்2222 டிரான்சிஸ்டர் பாதுகாப்பைப் பின்பற்றுங்கள்.

10. ஓடவில்லை என்றால்

வெளியீடு பிளஸ் 0.3 அல்லது 0.6: ஆப்-ஆம்ப் ரயிலைத் தூக்குகிறது. ஆப்-ஆம்பைக் கழற்றிப் பாருங்கள். மைனஸ் 5 வந்துவிட்டால் டயோடு இல்லை அல்லது திரும்பியிருக்கிறது.

வெளியீடு மைனஸ் 2, 3 என்று தொங்குகிறது: லோடு அதிகம், அல்லது இரண்டாவது கெபாசிட்டர் தலைகீழ்.

ஐசி விரல் வைக்க முடியாமல் சுடுகிறது: உடனே நிறுத்துங்கள். 5-ஆம் கால் பிளஸோடு ஷார்ட், உள்ளீடு அதிகம், அல்லது 5 வோல்ட்டில் 6-ஆம் கால் கிரவுண்டில் இருக்கிறது. ஒருமுறை நன்றாகச் சுட்ட ஐசி பிறகு ஓடினாலும் போர்டில் வைக்காதீர்கள்.

காலையில் சரி, மதியம் தவறு: ஸ்விட்சின் ரெசிஸ்டன்ஸ் வெப்பத்தோடு ஏறும். சித்திரை வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60 டிகிரி எளிதில் வரும். எண்ணுக்குப் பின் சிபிஏ என்று முடியும் பீஸ் 70 டிகிரி வரைதான். வெளியில் நிற்கும் கருவிக்கு 85 டிகிரி வகையை வாங்குங்கள்.

11. போர்டில் ஏற்றுவது

டாட் போர்டில் ஏற்ற ஒரு மாலை போதும். ஐசியை சாக்கெட்டில் வையுங்கள், முதல் கெபாசிட்டரை 2, 4 கால்களை ஒட்டியே சால்டர் செய்யுங்கள். ஆப்-ஆம்ப் பக்கத்துக்கு மைனஸ் போகும் வயரில் ஒரு ஜம்பர் விடுங்கள். கோளாறு வரும்போது அதைக் கழற்றினால் குற்றம் ஐசியிலா லோடிலா என்று உடனே தெரியும்.

கடற்கரைப் பக்கம் வைக்கும் கருவி என்றால் உப்புக்காற்று சாக்கெட்டின் தொடுமுனையை அரித்துவிடும். அங்கே சாக்கெட் வேண்டாம், நேராக சால்டர் செய்யுங்கள். ஃப்ளக்ஸை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலரவிட்டு, போர்டுக்குப் பூசும் கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள். அடிக்கும் முன் 1 கிலோ ஓம் சோதனையை இன்னொருமுறை செய்து, வந்த எண்ணையும் தேதியையும் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். முதலில் 60 ஓம் காட்டியது 90-ஐத் தாண்டினால் ஐசி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வறண்டிருக்கும். இரண்டு கெபாசிட்டரையும் மாற்றிவிடுங்கள்.